நோயின் பெயர் யாருக்கு வேண்டும்?

பரீட்சை நாளில் சுகவீனம் வந்து ஒரு மாணவி மண்டபத்துக்குப் போக முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மாணவர்கள் அதை 'மெடிக்கல் போடுவது' என்பார்கள். அந்த ஒற்றைத் தாள் போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். கருமபீடத்தில் இருப்பவர் வாங்கி, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி வாசிப்பார். பதிவேட்டில் பெயர், சுட்டிலக்கம், நோய் என்று நிரல் நிரலாக ஏறும். வைத்திய அதிகாரி ஒப்பமிட்டதும் பீடாதிபதி அலுவலகத்துக்கு வரும். அங்கே அட்டவணையாகத் தட்டச்சாகி, பீடச் சபையின் நிகழ்ச்சிநிரலோடு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போகும். கூட்டறிக்கையில் மறுபடியும் இடம்பெறும். கடைசியில் அறிவித்தல் பலகையில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டவை' என்று ஒரு பட்டியல் தொங்கும். வயிற்றோட்டம் என்றால் நண்பர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். வலிப்பு என்றால்? மனநல கிளினிக்கின் முத்திரை என்றால்? கருச்சிதைவு என்றால்?

இந்தத் தாள்களோடு நெடுங்காலம் பழகியவள் நான். உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் நலன்புரிப் பிரிவுகளில் எழுதுவினைஞராக இருந்து, பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர் என்று மாறிய பிறகும் அதே வேலையைச் செய்து, ஓய்வு பெற்று இப்போது திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு மாணவர்களை விட்டுவிட்டு நிறுவனத்தின் பின்னால் போய்விடும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது சந்தேகம் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

சபை அட்டவணையிலிருந்து 'நோய்' என்ற நிரலை எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது ஒரு மூத்த பேராசிரியர், "நோய் என்னவென்று தெரியாமல் நாங்கள் எப்படி முடிவெடுப்பது?" என்று கேட்டார். வைத்திய அதிகாரி அதிகம் பேசாத பெண். "அந்த முடிவை எடுக்கத்தானே சேர், எனக்குச் சம்பளம் தருகிறீர்கள்" என்றார். சபைக்கு உண்மையில் தேவைப்பட்டவை சுட்டிலக்கம், பாடக் குறியீடு, திகதி, வைத்திய அதிகாரி பரிந்துரைத்தாரா இல்லையா என்பவை மட்டுமே. பின்னர் சான்றிதழ் வைத்திய நிலையத்திலேயே தங்கியது. பரிந்துரை மட்டும் வெளியே வந்தது. மூடிய கடிதவுறையில் நேரே அங்கே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தோம். அறிவித்தல் பலகைப் பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல். பெயரை எடுத்துவிட்டுச் சுட்டிலக்கத்தை மட்டும் ஒட்டலாமே என்றார்கள் சிலர். ஒரே வகுப்பில் யாருடைய சுட்டிலக்கம் எது என்று தெரியாத மாணவரை நான் கண்டதில்லை.

போலிச் சான்றிதழ்கள் பெருகிவிடும் என்ற பயமும் இருந்தது. காசு கொடுத்து மெடிக்கல் வாங்குகிறவர்கள் நோயின் பெயரைப் பலகையில் போட்ட காலத்திலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போலியைப் பிடிப்பது மருத்துவரின் இலங்கை மருத்துவச் சபைப் பதிவிலக்கமும் முத்திரையும், சந்தேகம் வந்தால் வைத்தியசாலைக்கு எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான். அதை வைத்திய அதிகாரி செய்யட்டும். ஒரு விரிவுரையாளர் 'இந்தப் பிள்ளையைப் பார்த்தால் வருத்தக்காரி மாதிரித் தெரியவில்லையே' என்று சொல்வது ஆராய்ச்சி ஆகாது.

ஒரு நாள் காய்ச்சலுக்கு இந்த ஏற்பாடு போதும். படிப்புக் காலம் முழுவதும் கூடவே வருகிற நோய்களும் குறைபாடுகளும் வேறு கதை. தலசீமியா உள்ள மாணவர் ஒருவர் இருந்தார். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை குருதி ஏற்ற வேண்டும். எண்பது சதவீத வரவு இல்லையென்றால் பரீட்சைக்கு இருக்க முடியாது என்பது அங்கே விதி. எனவே ஒவ்வொரு முறையும் புதிய மெடிக்கல், ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் புதிய விளக்கம். தன் உடம்பின் கதையை ஒரே தவணைக்குள் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அவருக்கே கணக்கிருக்காது. ஒரு நாள் கருமபீடத்தில், "மிஸ், இதை ஒரு கசெட்டில் பதிந்து தரட்டுமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்காகத்தான் முதன்முதலில் ஏற்பாட்டுக் கடிதம் எழுதினோம். "இம்மாணவர் மாதத்தில் இரண்டு நாட்கள் வரை வர முடியாமற் போகலாம். வைத்திய அதிகாரி காரணத்தை உறுதிப்படுத்தியுள்ளார். அந்த நாட்கள் வரவுக் கணக்கில் பாதகமாகக் கொள்ளப்படலாகாது. தவறும் செய்முறை வகுப்புக்கு மாற்று நேரம் தரப்பட வேண்டும்." அவ்வளவுதான். நோயின் பெயர் இல்லை. வருட ஆரம்பத்தில் ஒரு தடவை எழுதினால் வருடம் முழுவதும் செல்லும். விரிவுரையாளர்களில் பெரும்பாலானோர் இதை விரும்பினார்கள் என்றே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேண்டியது என்ன செய்வது என்பதுதான். ஒரு பிள்ளையின் வைத்திய வரலாற்றைக் கேட்டுவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தவர்களும் அவர்களில் உண்டு.

பிறகு அதே மாதிரியில் பல கடிதங்கள் எழுதினோம். கேட்கும் திறன் குறைந்த மாணவிக்கு: முன்வரிசை இடம், விரிவுரையாளர் பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேச வேண்டும். திரைவாசிப்பு மென்பொருளால் படிக்கும் மாணவருக்கு: குறிப்புகளைப் படமாக ஸ்கேன் செய்யாமல் தட்டச்சுக் கோப்பாகத் தர வேண்டும். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர், கரைசலைத் துளி துளியாக விட்டு அளக்கும் நியமிப்பின்போது, நிறம் மாறும் கணத்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். கவனமில்லாதவன் என்று பெயரும் எடுத்துவிட்டார். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் அவருக்கு. 'நிறமாற்றத்தை உறுதிசெய்ய ஒரு துணை மாணவர் வேண்டும்' என்று ஒரு வரி எழுதியதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இனித் திருகோணமலைக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே நிலாவெளியில் ஒருவர் தும்மினால் லிங்கநகரில் மருந்து கேட்பார்கள். அலுவலக எழுதுவினைஞர் யாருக்கோ மைத்துனி. வாகனச் சாரதி யாருக்கோ சித்தப்பா. ஓர் ஐப்பசி மாதம், கலியாணப் பேச்சு ஒன்று நடந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து தூரத்து உறவான ஒரு மாமி என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, "பிள்ளை, அந்தப் பெட்டை உங்கள் கம்பஸில்தானே படிக்கிறாள்? ஏதும் வருத்தம் கிருத்தம் இருக்கிறதா?" என்பதில் வந்து நின்றது. பெண்ணுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுக்கிற ஊர் இது. எல்லாவற்றையும் விசாரித்துத்தான் கலியாணம் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "மாமி, கோவைகள் என் கையில் இல்லை, வைத்திய நிலையத்தில் பூட்டி இருக்கின்றன" என்றேன். அது முழு உண்மையாகவும் இருந்தது. முன்பு என் லாச்சியிலேயே இருந்த காலத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடிந்திராது. தகவலைக் காப்பவரின் நல்ல குணத்தை நம்பி ஒரு முறையை அமைக்கக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தது அந்த வாழைப்பழம்தான். தெரியாதவளிடம் மாமி எவ்வளவு கெட்டித்தனமாகக் கேட்டாலும் எதையும் பிடுங்க முடியாது.

இதைவிடக் கனமானது போர் விட்டுச்சென்ற உடல்கள். புதுமுக மாணவர் படிவத்தில் 'உடற்குறைபாடு இருப்பின், அது ஏற்பட்ட விதம்' என்று ஒரு கேள்வி இருந்தது. யார் எதற்காக அதைச் சேர்த்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. கையில் விரல்கள் குறைந்த ஓர் இளைஞர் அதில் 'விபத்து' என்று எழுதியிருந்தார். மூதூர் கிழக்கிலிருந்து 2006இல் சனம் இடம்பெயர்ந்தபோது அவர் சின்னப் பிள்ளை. ஷெல் விழுந்ததில் விரல்கள் போயின. தொடைக்குள் ஒரு துண்டு இன்னும் கிடக்கிறது. அதை எழுதினால் 'எங்கே, எப்போது, யாரோடு இருந்தாய்?' என்ற அடுத்த கேள்விகள் வரும் என்று தாயார் பயந்திருக்கிறார். வன்னியிலிருந்து வந்த பிள்ளைகளின் படிவங்களிலும் எல்லாமே 'விபத்து', 'பிறவியிலேயே', அல்லது வெறும் கோடு. ஒரு காயத்தின் திகதியும் இடமும் சேர்ந்தால் அது ஒரு வாக்குமூலம் ஆகிவிடுகிற நாட்டில் இப்படியொரு கேள்வியைக் கருமபீடத்தில் வைத்துக் கேட்கலாமா?

அந்தத் துண்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் இருந்தார்: வைத்திய அதிகாரி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் உடம்பில் உலோகம் இருப்பது ஆபத்து. எனவே வைத்திய நிலையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, 'உடம்பில் உலோகத் துண்டு, தகடு, ஆணி ஏதும் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்கும்படி மாற்றினார்கள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. பதிவாளர் பகுதிக்கு வேண்டியதோ விரல்கள் குறைந்த கைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் எவ்வளவு என்பது. கேள்வியை எடுத்ததால் எந்த வேலையும் தடைப்படவில்லை. படிவங்களில் இருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'இந்த விடையை வைத்து நாங்கள் என்ன செய்வோம்?' என்று எழுதிப் பாருங்கள். எழுத வராத கேள்வியை வெட்டிவிடலாம்.

முதல் நாள் படிவத்தை வைத்து ஒரு மாணவரை அறிந்துகொண்டோம் என்று நினைப்பதும் வீண். தந்தை பக்கத்தில் நிற்கிறார், பின்னால் நீண்ட வரிசை, எல்லாப் பெட்டியிலும் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போகத்தான் கை வரும். இரண்டு மாதம் கழித்து, முதற் பரீட்சை விண்ணப்பத்தின்போது, இன்னொரு முறை கேட்டோம். அப்போதுதான் வந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்த படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தபோது இன்னும் சிலர் வந்தார்கள். அதுவரை ஒப்பமிட்டவர்களில் எத்தனை பேர் எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று வாசித்தார்களோ தெரியாது.

பகிடிவதைக்குப் பயந்து வைத்தியரின் கடிதத்தைச் சிரேஷ்ட மாணவர்களிடம் காட்டுகிற புதுமுக மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். சில நாள் விட்டுவிடுவார்கள். பிறகு அந்த நோயின் பெயரே பட்டப்பெயராகிவிடும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். வருத்தம் இருக்கிறவனுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கடிதத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு மாணவர் ஆலோசகரிடம் வாருங்கள் என்பதுதான் நான் சொல்லிவந்தது.

எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் பிள்ளை மயங்கி விழும்போது யார் உதவுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலிப்பு உள்ளவர் விடுதியில் இருந்தால் அறைத் தோழிக்கு ஏதாவது தெரிந்திருக்கத்தான் வேண்டும். யாருக்குச் சொல்வது என்பதை அந்த மாணவியே தீர்மானிக்கட்டும். எங்களிடம் இருந்த அப்படியொரு மாணவி தோழி ஒருத்தியைத் தெரிவுசெய்தாள். வைத்திய நிலையம் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து விளக்கியது. கையில் இரும்புத் திறப்பைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், தலைக்கு அடியில் மெதுவான ஏதாவது வைத்து ஒருபக்கமாகத் திருப்பிவிடு, நேரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழை. பரீட்சை நோக்குநருக்குப் போன தாளில் 'மயக்கம் வந்தால்' என்று தொடங்கி இதே வரிகள் இருந்தன. வலிப்பு என்ற வார்த்தை இல்லை. விடுதியின் எல்லா நோக்குநருக்கும் எல்லாக் காவலாளிக்கும் வருடத்துக்கு ஒருமுறை இந்த முதலுதவியைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் யாருக்கு வலிப்பு வரும் என்று அவர்கள் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டிய தேவையும் பெருமளவு குறைந்துவிடும்.

இன்சுலின் போடுகிற பிள்ளைகளுக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும்போது வேறு சிக்கல். உப்புவெளிப் பக்கம் வைகாசி, ஆனி வெயிலில் தகரக் கூரை அறை கொதிக்கும். வீட்டுக்கார அன்ரியின் குளிர்சாதனப் பெட்டியில் மருந்தை வைக்க வேண்டும். அப்போது அன்ரிக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: மேலே ஐஸ் கட்டும் தட்டில் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலினைப் பாவிக்க முடியாது. பரீட்சை மண்டபத்துக்குள் சீனியோ ரொபியோ கொண்டுபோக அனுமதிக் கடிதம் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. மண்டப வாசலில் நின்று வாதாடுகிற நேரத்தில் சீனி இறங்கிக்கொண்டிருக்கும்.

சில வேளைகளில் சம்மதம் கேட்க முடியாது. டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகத்தான் வேண்டும். விடுதியில் கொப்பளிப்பான் வந்தால் மற்றவர்கள் அறிய வேண்டும். ஆனால் 'இந்தப் பகுதியில் கொப்பளிப்பான் வந்துள்ளது, இன்னின்ன அறிகுறி இருந்தால் வாருங்கள்' என்று சொல்ல எவருடைய பெயரும் வேண்டியதில்லை. கொவிட் காலத்தில் பெயர், அறை இலக்கம், ஊர் எல்லாம் அடங்கிய பட்டியல்கள் வட்ஸ்அப்பில் பறந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது பெற்றோருக்குச் சொல்வதிலும் தயக்கம் கூடாது. மற்ற வேளைகளில், பதினெட்டு வயது தாண்டியவரின் தகவலைக் கேட்டுத் தந்தை அழைத்தால், "ஐயா, மகளிடம் சொல்கிறேன், அவவே உங்களோடு கதைப்பா" என்பதுதான் பதில். தந்தைமார் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். மனவுளைச்சலோடு வரும் மாணவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கொடுப்போம். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் பேசலாம் என்பதே பலருக்கு ஆறுதல்.

வட்ஸ்அப்பைப் பற்றி ஒன்றுதான்: சான்றிதழைப் படம்பிடித்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். மாணவரின் சம்மதத்தோடு என்றாலும் வேண்டாம். குழுவிலிருந்து விலகிப் போனவரின் தொலைபேசியிலும் அந்தப் படம் இருக்கும்.

பழைய தாள்களை யாரும் நினைப்பதில்லை. கடற்கரையில் ஒரு மாலை இறால் வடை வாங்கினேன். வடை வந்த பையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தின் பாதி இருந்தது; பெயர், உயரம், நிறை, 'மாதவிடாய் ஒழுங்கு' என்ற கேள்விக்கு விடை. பழைய பேப்பர் என்று நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வடையை எறிந்துவிட்டுத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தேன். ஒரு மாணவர் பட்டம் பெற்றுப் போனபின் அவருடைய மருத்துவக் கோவையை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று ஒரு திகதி முடிவுசெய்ய வேண்டும். அந்தத் திகதியில் இருவர் முன்னிலையில் கிழித்து அழித்துக் குறிப்பும் எழுத வேண்டும். துண்டாக்கும் இயந்திரம் இல்லையென்றால் நெருப்பு போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 22ஆம் உறுப்புரை அவர்களின் சுகாதாரத் தகவலின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. நான் வேலையில் மிகவும் பயன்படுத்தியதோ 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. யார் யாருக்கு மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழேயே விண்ணப்பித்தார். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒருவரின் மருத்துவப் பதிவைத் தர வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அதை மேற்கோள் காட்டிப் பதில் அனுப்பினோம். எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுத்தோம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் கொப்பியின் மூலப்பிரதியை ஒருநாளும் அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி போதும். கொடுக்கும்போது, 'இதை யார் யார் பார்ப்பார்கள்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. பதில் சொல்லத் தெரியாத அலுவலர்தான் சங்கடப்பட வேண்டும். ஏற்பாட்டுக் கடிதத்தைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கேட்டு வராமல் தவணை தொடங்கியதும் கேளுங்கள், ஏனென்றால் அதில் மூன்று ஒப்பங்கள் விழ வேண்டும், அந்த மூவரில் ஒருவர் எப்போதும் கொழும்பில் கூட்டத்தில் இருப்பார்.